மாமாவின் வேட்டிக்குச் சீட்டு இல்லை

தம்பி,

நீ கேட்ட பெயர்ச்சீட்டுகள் எல்லாம் செய்து முடித்துவிட்டேன். சப்பாத்துப் பெட்டி ஒன்றில் அடுக்கி உன் அறை அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பைகளில் கட்ட வேண்டியவை ஒரு கட்டு. சொந்தக்காரர்களுக்கு எடுத்த வேட்டி சேலைகளில் கட்டுவதற்கு ஆளுக்கு ஆள் பெயர் எழுதியவை இன்னொரு கட்டு. இந்த இரண்டாவது கட்டில் உன் தாய்மாமனின் பெயரைத் தேடுவாய். இருக்காது. மறந்துபோய் விடவில்லை. கோபத்தில் விட்டிருப்பேன் என்றுதான் நீ நினைப்பாய். அப்படி நினைக்க உனக்கு நான் நிறையக் காரணங்கள் தந்திருக்கிறேன். இந்த முறை காரணம் வேறு. அதைத் தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். நீ கொழும்பில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு, "அப்பா, சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அப்புறம் எடுக்கிறேன்" என்றாய். உன்னுடைய அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணும் இதைப் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. அதற்காகவே யாருடைய பெயரையும் எழுதாமல் விடுகிறேன். பதுளையில் பெயரை எழுதாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு கதை.

சீட்டுகளைக் கடையில் வாங்காமல் வீட்டில் செய்யலாம் என்ற யோசனை அந்தப் பெண்ணுடையது என்று நீ சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. "உங்க அப்பா வெட்டுத்துண்டுல செய்வாருன்னு சொன்னீங்களே, அந்த மாதிரி" என்று அவள் கேட்டாளாம். அப்படியானால் நீ அவளிடம் அதைச் சொல்லியிருக்கிறாய், வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறாய். ஒன்பதாம் வகுப்பில் நீ படித்தபோது உன்னோடு படித்த டொக்டர் மகனின் பிறந்தநாளுக்குப் போனாய். நீ கொண்டுபோன பரிசுப் பொதிக்கு நான் பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு சீட்டு வெட்டி, தேயிலைப் பக்கற்றின் உட்புற வெள்ளித்தாளால் கரை வைத்துக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் துணி தோய்க்கும்போது உன் காற்சட்டைப் பையிலிருந்து அம்மா அதை எடுத்து என்னிடம் காட்டினாள். நீ வழியில் நின்று அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக மறந்துவிட்டேன் என்று எண்ணாதே. நான் எதையும் மறப்பதில்லை. அது பலமா நோயா என்பதில் உன் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் முடிவில்லாத வழக்கு இருக்கிறது.

செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் யாராவது என்றைக்காவது செய்ய விரும்பலாம். பாடசாலைக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் வெட்டிய பிரிஸ்டல் அட்டையின் ஓரங்கள், முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகைகள், போன வருடத்துக் கலண்டர், அம்மா தைத்த சட்டைகளின் வெட்டுத்துண்டுகள், மாவுச் சாக்கின் வாயிலிருந்து உருவிய நூல். இவ்வளவுதான் சாமான். அளவை முதலில் முடிவு செய்துகொண்டு துண்டைத் தேடக் கூடாது. அப்படித் தேடினால் எந்தத் துண்டும் போதாது, எல்லாமே குப்பையாகத் தெரியும். துண்டுகளை மேசையில் பரப்பிவிட்டு, எது எதன் பக்கத்தில் இருக்கச் சம்மதிக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் தாள் கண்ணைக் குத்தினால் தேயிலை போட்டுத் தடிப்பாகச் சாயத்தண்ணி ஊற்றி அதில் நனைத்து எடு; முழுக்கக் காய்வதற்குள் இரண்டு பெரிய புத்தகங்களுக்கு நடுவில் வைத்து அழுத்து. அப்போதுதான் சுருங்காது. துணியை ஒட்டிய பிறகு எழுதாதே. எழுதிப் பார்த்து, எழுத்து சரியாக வந்த அட்டைக்கு மட்டும் துணியை ஒட்டு. பிழையான எழுத்தோடு நல்ல துணியும் வீணாகக் கூடாது. நூல் கோக்கும் துளைக்குப் பின்பக்கம் சிறு வட்டமாக இன்னொரு அட்டை ஒட்டிக்கொள். சீட்டு கிழிந்தால் நடுவில் கிழியாது, கட்டுகிற இடத்தில்தான் கிழியும்.

இதை நான் செய்துகொண்டிருந்த நாட்களில் உன் அம்மா உன் சித்தியிடம் தொலைபேசியில் சொன்னது என் காதில் விழுந்தது. "கல்யாண வீட்ல ஊரெல்லாம் பத்திரிகை குடுக்க ஓடுது. எங்க வீட்டு மனுசன் கடதாசி வெட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வீடு முழுக்கக் கோந்து வாசம்." சொல்லிவிட்டு அவளே வந்து நல்ல துண்டுகளாகப் பொறுக்கித் தந்தாள். உன் சித்தி சீலைக்கு எது பொருந்தும், பெரியப்பா வேட்டிக் கரைக்கு எது பொருந்தும் என்று அவளுக்குத்தான் தெரிந்தது. உன் கல்யாண வேலையில் நாங்கள் இருவரும் சண்டை போடாமல் உட்கார்ந்திருந்தது அந்த மேசையில் மட்டும்தான்.

இந்தக் கைப்பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். அதில் உள்ள கசப்பு உனக்கு முழுதாகத் தெரியாது. எங்கள் பாடசாலையில் யார் மாறிப் போனாலும், யார் ஓய்வுபெற்றாலும், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் ஒரு பரிசுப் பொதி வாங்குவார்கள். வாங்கியதும் பொதி என் மேசைக்கு வந்துவிடும். அதற்குச் சீட்டு செய்து அழகாகப் பெயர் எழுதுவது என் வேலை. பட்டம் வாங்கியவன், உயர்தர வகுப்புக்குப் பாடம் எடுத்தவன், பாடசாலை அதிபர் பதவிக்கு எல்லாத் தகுதியும் உள்ளவன் என்று என்னைப் பற்றி நானே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறைக்கு நான் கலர்ப்பேப்பர் மாஸ்டர். அந்த அதிபர் பதவிக்கு வெளியிலிருந்து வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். அவரை வரவேற்கும் நாளில் அந்தப் பொதியும் என்னிடம்தான் வந்தது. அவர் பெயரை, பெயருக்குப் பின்னாலிருந்த எல்லாப் பட்டங்களோடும், தங்க மையில் நான்தான் எழுதினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆர் மாஸ்டர் எழுதினது? நல்ல வடிவான கை. தோட்டப்பக்கத்திலயும் இப்பிடி ஆக்கள் இருக்கினம் எண்டு நான் நினைக்கேல்ல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பாராட்டிவிட்டார் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். நான் தெமோதரையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, விழுந்து எழும்பிப் படித்து, அந்த அறையில் நாற்காலி வாங்கியவன். அந்த ஒரு வாக்கியத்தில் என்னை அவர் திரும்பவும் லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் ஓய்வுபெற்றபோதும் பொதிக்குச் சீட்டு எழுதியது நான்தான். எழுத்து அன்றும் நன்றாகவே வந்தது. மனிதரை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

இனி உன் மாமா. அவர் குடும்பம் இருந்த மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்தபோது நீ உன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அன்று காலை மாமா தொழிற்சாலையில் இருந்தார். அத்தை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியிருந்தார். அவர்களுடைய பிள்ளை பாடசாலைக்குப் போகும் வழியில் இருந்தாள். மூன்று பேரும் வீட்டில் இல்லாததால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு மட்டுமல்ல, வீடு இருந்த இடமே இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் இல்லை. நான் அப்போது போனேன், அரிசியும் துணியும் கொண்டுபோனேன், அவரோடு நின்றேன். அதில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது. பிறகு புதிய குடியேற்றத்தில் அவர்களுக்கு வீடு கிடைத்து, பால் காய்ச்சுகிற நாளில்தான் அது நடந்தது. ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினேன். நல்ல கடிகாரம். அதைத் தாளில் சுற்றி, என் வாழ்க்கையில் அதுவரை செய்யாத அளவுக்கு அழகாக ஒரு சீட்டு செய்தேன். மலையில் வளரும் பன்னைச் செடியின் காய்ந்த இலையை அட்டையில் ஒட்டி, கீழே, "மண்ணிலிருந்து மீண்டெழும் குடும்பத்துக்கு" என்று எழுதினேன். அந்த வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று அம்மாவைக் கேட்டுப் பார். மாமா பொதியைக் கையில் வாங்கினார். வாசித்தார். நூலோடு சீட்டைப் பிடுங்கி, பால் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டார். "பால் பொங்கட்டும்" என்றார். அவருடைய தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடாமல் இறங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு உனக்குத் தெரியும். அவர்கள் பெண் பெரியவளான சடங்குக்கு நான் போகவில்லை. நம் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. நீ மட்டும் எனக்குத் தெரியாமல் போய் வந்துகொண்டிருந்தாய், எனக்கு அது தெரியும். என் கைவேலையை நெருப்பில் போட்டவர் என்பது எனக்கு ஆறவே இல்லை. படித்தவன் என்ற பொறாமையில் செய்தார் என்றே இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நீ குரல்பதிவில் தெளிவாகச் சொல்லிவிட்டாய். "அப்பா, தாய்மாமன் உருமா கட்டி கையப் புடிச்சு கூட்டிட்டு வந்தாத்தான் நான் மணவறையில உக்காருவேன். வேற யாரையும் கட்டச் சொல்லாதீங்க. அவருக்குத் துணி எடுத்திருங்க, ஒரு டேக்கும் செஞ்சிருங்க." மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவது தாய்மாமனின் உரிமை. அந்த உரிமைக்காரரை வீடு தேடிப்போய், வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைக்க வேண்டியது அப்பனின் கடமை. பத்திரிகையைத் தபாலில் போட்டால் அது அழைப்பல்ல, அவமானம். நான் போகாவிட்டால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் நீ மணவறைக்கு வரமாட்டாய். இதற்குள் என் தன்மானத்துக்கு எங்கே இடம் இருக்கிறது என்று நீ யோசிக்கவில்லை. பிள்ளைகள் யோசிப்பதில்லை. நான் என் அப்பாவைப் பற்றி யோசித்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் போனோம். அவருக்கு வேட்டி சட்டை, அத்தைக்குச் சீலை, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், இனிப்பு எல்லாம் எடுத்துக்கொண்டோம். வேட்டிக்கு ஒரு சீட்டும் கட்டியிருந்தேன். சாயத்தண்ணியில் நனைத்த தாள், ஓரத்தில் அம்மாவின் பழைய பட்டுச் சட்டையின் கத்தரிப்பூக் கலர்த் துண்டு. "மச்சானுக்கு, பழையதை மறந்து, அன்புடன்" என்று எழுதியிருந்தேன். பண்டாரவளையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு அம்மா பையைத் திறந்து அதைப் பார்த்தாள்.

"இது என்னாங்க?"

"தம்பி செய்யச் சொன்னான்."

"எதை மறக்கணும்? யாரு மறக்கணும்? அண்ணனா, நீங்களா?"

"பொதுவா எழுதியிருக்கு."

"பொதுவா எழுதுற வேலைய பள்ளிக்கூடத்தோட வச்சுக்கிருங்க. இத அவுத்துருங்க. அண்ணனுக்குச் சீட்டக் கண்டாலே ஆகாது."

ஏன் ஆகாது என்று கேட்டேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். மண் சரிந்த பிறகு அவர்கள் முகாமில் இருந்தார்கள் அல்லவா. ஒவ்வொரு நாளும் யாராவது லொறியில் பொதிகள் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு பொதியிலும் ஒரு சீட்டு தொங்கும், யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று. சீட்டு தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்க வேண்டும். ஒரு நாள் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பை கொடுத்தார்கள். மாமாவின் மகள் வரிசையில் நின்று வாங்கினாள். அதில் கட்டியிருந்த சீட்டில், "பெற்றோரை இழந்த சிறுமிக்கு" என்று எழுதியிருந்தது. முன்கூட்டியே எழுதிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யார் பிள்ளைக்கு எது போகிறது என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அத்தை ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் நிற்க, பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். வாசித்துவிட்டு மாமாவைப் பார்த்து, "நான் இத வாங்கலாமாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து சீட்டுக் கட்டிய எதையும் அவர் வீட்டுக்குள் எடுப்பதில்லை.

"இத ஏன் இத்தன வருசமா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா? அண்ணன் பேர எடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிருவீங்க. உங்க பின்னாடியே ரோட்டுல ஓடி வந்தா சொல்றது?"

தம்பி, கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். உன் மனைவி அவள் வீட்டு ஆட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து போகாதே. உனக்குப் பிடிக்காத பெயர் வந்தாலும் உட்கார்ந்திரு. எழுந்து போகிறவனுக்கு வீட்டில் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவன் முழுக் கோபம் கோபிப்பான். நான் நன்றாகவே கோபித்தேன். இப்போதும் ஒரு பக்கம் எனக்கு நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்பில் போட்டிருக்கலாம் அல்லவா? ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேறென்ன செய்வது? நூலை அவிழ்க்கப் பார்த்தேன். என் முடிச்சு அவ்வளவு சுலபமாக அவிழாது. பல்லால் கடித்து அறுத்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அம்மா சீட்டை வாங்கி, பட்டுத்துண்டை மட்டும் நகத்தால் மெல்ல உரித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுத்து இருந்த தாளை என்னிடமே தந்தாள்.

மாமா வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கையிலும் கத்தியிலும் எண்ணெய் பூசியிருந்தாலும் பால் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஆச்சரியமும் இல்லை.

"வாங்க மாஸ்டர்" என்றார்.

"மச்சான்னு கூப்பிட வாய் வரலையாண்ணே?" என்றாள் அம்மா.

"மச்சானுக்கு நம்ம வீட்டு வழி மறந்து போச்சு தங்கச்சி. மாஸ்டராவது வந்தாரேன்னு சந்தோசப்படு."

அத்தை ஓடிவந்து நாற்காலி போட்டார். நான் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் நான் கொடுத்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"ஓடுது மாஸ்டர். பேட்டரி மாத்தி மாத்திப் போடுறேன். சாமான் நல்ல சாமான். கூட வந்ததுதான் சரியில்ல."

"அதத்தான் அடுப்புல போட்டுட்டீங்களே."

"போட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்னான்னு சொல்ல? நீங்களே சொல்லுங்க, என்னா எழுதியிருந்தீங்க?"

நான் சொன்னேன். மண்ணிலிருந்து மீண்டெழும் குடும்பத்துக்கு. வகுப்பில் வாசிப்பது போலத்தான் என் குரல் வந்தது. அந்த முற்றத்தில், அந்தப் பலாக்காய்த் தோலுக்குப் பக்கத்தில், அது எப்படிக் கேட்டது என்று உனக்கு என்னால் எழுதிக் காட்ட முடியாது.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "மண்ணுலேருந்து எந்திரிச்சது யாரு? நாங்க மண்ணுக்குள்ள போகவே இல்ல. போனவங்க யாரும் எந்திரிக்கல. அன்னைக்கு பால் காய்ச்ச வந்திருந்தாங்களே, அதுல ஒவ்வொருத்தர் வீட்டுலயும் இன்னும் மண்ணுலேருந்து எடுக்காத ஆள் இருந்திச்சு. அவங்க முன்னாடி நான் அத கையில புடிச்சுக்கிட்டு நிக்கவா?"

"போதும்" என்றார் அத்தை. "வந்தவங்க தேத்தண்ணியாவது குடிக்கட்டும்."

என்னிடம் ஒரு பதில் இருந்தது. அது ஒரு உருவகம், அப்படிச் சொல்வது எழுத்தில் வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். தேத்தண்ணியோடு சேர்த்து அதை விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட வாக்கியங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

பிறகு தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். தம்பிக்குக் கல்யாணம், நீங்கள்தான் உருமா கட்ட வேண்டும் என்றேன். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "கையெல்லாம் பாலு. அங்க வைங்க." வாங்குகிறாரா, தட்டிக்கழிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரியவில்லை. தட்டை மேசைமேல் வைத்தேன். அவர் துணியைப் பார்த்தார். தலையைச் சாய்த்து அந்தப் பக்கமும் பார்த்தார். "எங்க மாஸ்டர் சீட்டு? உங்க வீட்டுச் சாமான் சீட்டு இல்லாம வெளிய வராதே."

"இருந்திச்சு. பஸ்ல அறுத்துட்டேன்."

"எதால?"

"பல்லால."

அவர் சிரிக்கவில்லை. அத்தைதான் சிரித்தார். மாமா பலாக்காயை மறுபடியும் வெட்டத் தொடங்கினார். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டோம். பலாக்காய்க் கறி நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன். அத்தையிடம் சொன்னேன்.

பஸ் நிறுத்தம்வரை அவரும் நடந்து வந்தார். அம்மாவும் அத்தையும் முன்னால் பேசிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். அந்த நடையில்தான் எனக்கு எங்கள் பழைய அதிபரின் ஞாபகம் வந்தது. வரவேண்டாம் என்றுதான் நினைத்தேன், வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல், என் கைக்குப் பின்னால் இருந்த தோட்டத்தைப் பார்த்தார். என்னைப் பாராட்டுகிற வாக்கியத்திலேயே என்னைத் தோட்டத்தோடு கட்டிவிட்டுப் போனார். நான் இந்த மனிதருக்கு எழுதும்போது இவரைப் பார்த்தேனா, இவருக்குப் பின்னால் இருந்த மண்ணைப் பார்த்தேனா? இந்த ஒப்பீடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதிபர் என்னை அறியாதவர். நான் இவருடைய தங்கையைக் கட்டியவன். அப்படிப் பார்த்தால் கணக்கு எனக்குத்தான் பாதகமாக வருகிறது. ஆகவே அந்த யோசனையை அங்கேயே நிறுத்தினேன். நீ விரும்பினால் மிச்சத்தை யோசித்துக்கொள்.

இதற்காகத்தான் உன் மாமாவுக்குச் சீட்டு செய்யவில்லை. தாம்பூலப் பைகளுக்குச் செய்தவற்றிலும் உங்கள் இருவரின் பெயரைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. நல்ல வாக்கியம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன், விட்டுவிட்டேன். கூட்டத்தில் வருகிறவர்களுக்குச் சீட்டு வேண்டும். யார் வீட்டுப் பை என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். சித்தி, பெரியப்பா போன்றவர்களுக்கும் கட்டலாம், அவர்கள் சந்தோஷப்படுவார்கள், என் எழுத்தைக் காட்டிக்கொண்டு திரிவார்கள். ஆனால் கையைப் பார்த்தே கொடுக்கிறவனை அறிந்துகொள்ளும் ஆளுக்கு எதற்கு அட்டை? அவருக்கு எதையும் எழுதாதே. உனக்கும் என்னைப் போல எழுதிப் பழகிய கைதான். நீ அலுவலகத்தில் அனுப்பும் வாழ்த்துக்களை எனக்கும் அனுப்புகிறாய், பார்க்கிறேன்.

அன்றைக்குப் பஸ் வந்து நின்றது. அம்மா ஏறிவிட்டாள். நான் படியில் கால் வைத்துத் திரும்பி, "வாங்க மச்சான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல. அவர் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே பஸ்ஸின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டார்: "உருமாத் துணி நான் எடுக்கிறேன். அவன் தலை யாரு மாதிரி? எங்க பக்கமா, உங்க பக்கமா? உங்க பக்கம்னா ஒரு முழம் கூட எடுக்கணும்."

பஸ் எடுத்துவிட்டான். பதில் சொல்ல நேரம் இருந்திருந்தாலும் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. நீ பிறந்த நாளிலிருந்தே அதில் இரண்டு வீட்டுக்கும் போட்டி இருக்கிறது. ஒரு நூலை எடுத்து நெற்றியைச் சுற்றி அளந்து, அவருக்கே போன் போட்டுச் சொல். என்னிடம் சொல்லி அனுப்பாதே.

அப்பா